அம்மாவின் நட்சத்திரமான திருவாதிரை இருக்கும் ஓரியன் விண்மீன் கூட்டத்தை மணிக்கட்டில் டாட்டூ போடப் போகிறேன். ஸ்டென்சிலில் (தோலில் ஒட்டும் மாதிரிப் படம்) திருவாதிரை வலப்பக்கம் இருக்கிறது. அது எந்தப் பக்கம் வர வேண்டும்?

வலப்பக்கம் தப்பு. அம்மாவின் நட்சத்திரமான திருவாதிரை இடப்பக்க மேல்மூலையில்தான் வர வேண்டும், உங்கள் ஸ்டென்சிலில் ஓரியன் மொத்தமும் இடவலம் மாறியிருக்கிறது, திருத்தும்வரை ஊசி வைக்க விடாதீர்கள்.

விண்மீன்களைக் காட்டும் பழைய வான உருண்டைகளில் வானத்தை வெளியே நின்று பார்ப்பதுபோல் வரைவார்கள், அதனால் இடவலம் மாறிவிடும். அதிலிருந்து எடுத்த படமாக இருக்கலாம்.

பிப்ரவரி நடுவில் இரவு 8 மணிக்கு மொட்டைமாடியில் தெற்கே பார்த்து அண்ணாந்து பாருங்கள்: நடுவில் வரிசையாக மூன்று விண்மீன்கள், அதற்கு மேலே இடப்பக்கம் செம்மஞ்சளாகத் திருவாதிரை, கீழே வலப்பக்கம் நீலவெள்ளையாக ரைஜல் என்ற விண்மீன். அவ்வளவு அழகு! செல்ஃபி கேமராவில் மட்டும் சரிபார்க்காதீர்கள், அதுவும் திருப்பிக் காட்டும்.

அப்புறம், மணிக்கட்டில் அந்த மூன்று புள்ளிகளை நெருக்கிப் போட்டால் சில வருடங்களில் மை பரவி ஒரே கோடாகிவிடும். கொஞ்சம் பெரிதாகவே வரையச் சொல்லுங்கள்.