கப்பல் சமையலறைக்குச் சோதனை வந்தால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்னைத் துறைமுகத்தில் எங்கள் கப்பலுக்குச் சுகாதாரச் சான்றிதழ் புதுப்பிக்க வருகிறார்கள். சமையலறையில் முதலில் எதைப் பார்ப்பார்கள், ஐயா?
*– மெஸ்மேன், திருவொற்றியூர்*

தரையைப் பளபளவென்று தேய்த்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நானாக இருந்தால் முதலில் வெப்பநிலை ஏட்டைக் கேட்பேன். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி, சில்லர், அதாவது உறையவிடாமல் குளிர வைக்கும் பெட்டி, 5 டிகிரிக்குள். சரி, ஒரு மாதம் முழுக்க இரண்டு வேளையும் மைனஸ் 18, அதே பேனா, அதே கையெழுத்து என்றால்? நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதியது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். டிஃப்ராஸ்ட் ஆகும், அதாவது படிந்த பனியை உருக்கும் நேரத்தில் அளவு ஏறத்தானே செய்யும்! ஏறினால் ஏறியதை எழுதுங்கள்.

அப்புறம் சில்லரைத் திறப்பார்கள். மேல்தட்டில் பச்சைக் கோழி, கீழ்த்தட்டில் நறுக்கிய வெள்ளரிக்காய் என்றால் வம்புதான். கை கழுவும் தொட்டியில் உருளைக்கிழங்குக் கூடை கிடந்தால், அங்கே யாரும் கை கழுவுவதில்லை என்று அர்த்தம். எலிப் புழுக்கை, கரப்பான், குடிநீர்த் தொட்டி எல்லாம் பார்ப்பார்கள். சான்றிதழ் 6 மாதத்துக்குச் செல்லும்.

கப்பலுக்கு மீன் சப்ளை செய்கிறேன். ஐஸ் உருகிப்போன கானாங்கத்தையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாற்றமே இல்லை. நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடாதா?
*– ராயபுரம்*

ஆகாது. கானாங்கத்தை, சூரை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்கிவிடும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. நாற்றம் வர வேண்டும் என்றும் இல்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு வரும். நடுக்கடலில் டாக்டருக்கு எங்கே போவது? திருப்பி அனுப்பியவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். காசிமேட்டில் ஏலம் எடுத்த கையோடு ஐஸ் போட்டு, கப்பல் ஏணி வரை ஐஸ் குறையாமல் கொண்டுபோங்கள்.

கப்பலில் கெட்டுப்போன கறியைப் போடுகிறார்கள் என்று மகன் சொல்கிறான். யாரிடம் சொல்வது?
*– ஒரு தாய், எண்ணூர்*

நல்ல சாப்பாடு, அதுவும் இலவசமாக, மாலுமியின் உரிமை அம்மா. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது. முதலில் கேப்டனிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பலனில்லை என்றால், கப்பல் நிற்கும் துறைமுகத்தில் சோதனைக்கு வரும் அதிகாரியிடமே புகார் செய்யலாம். சொன்னவர் யார் என்பதை அவர் வெளியிடக் கூடாது. போனில் படம் எடுத்தால், பொட்டலத்தில் உள்ள காலாவதித் தேதி தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள்.