எம்ஜிபி ஜிடியில ரோவர் வி8 இறக்கும்போது பழைய ஹீட்டரை என்ன பண்றது?

நீங்க கேட்டது இதுதான். எம்ஜிபி ஜிடிங்கற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்ல இருந்து நாலு சிலிண்டர் 1.8 லிட்டர் எஞ்சினை எடுத்தாச்சு, எட்டு சிலிண்டர் ரோவர் வி8 இறக்கப் போறீங்க, ஹீட்டர் வால்வு பழைய சிலிண்டர் ஹெட்டோடயே போயிடுச்சு, ஹோஸ் ரெண்டும் அந்தரத்துல தொங்குது, பேசாம ஹீட்டர் பாக்ஸையே கழட்டிட்டு அந்த ஓட்டைய தகடு அடிச்சு மூடிடலாமான்னு. தயவு செஞ்சு மூடாதீங்க. நான் பர்மிங்ஹாம் பக்கம் இருக்கேன், நண்பர் ஒருத்தரோட காரேஜ்ல இதே மாத்து வேலையில கூட நின்னு செஞ்சவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல ஏன் வேணும்ங்கிறது. ஹீட்டர்னா கால் சூடா இருக்கறதுக்குன்னு மட்டும் நினைக்கறாங்க, ஆனா ஜிடி கூரை மூடின வண்டி, நவம்பர் தூறல்ல ஈரக் கோட்டோட ரெண்டு பேர் ஏறி உட்கார்ந்தா கொஞ்ச நேரத்துல முன் கண்ணாடி முழுக்க புகை மாதிரி படிஞ்சுடும், துணி வச்சு துடைச்சுக்கிட்டே ஓட்ட முடியாது. கிளம்பறதுக்கு முன்னாடி கண்ணாடி தெளிவா இருக்கணும்னு பிரிட்டன் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோட் 229வது விதியிலயே இருக்கு. 40 வருஷம் தாண்டின வண்டிக்கு எம்ஓடிங்கற வருஷாந்திர வண்டி சோதனையில இருந்து விலக்கு இருக்கேன்னு சொல்லாதீங்க, அது வண்டிய பெருசா மாத்தாத வரைக்கும்தான், சிலிண்டர் எண்ணிக்கை மாறினா அந்த எஞ்சின் அந்த மாடலுக்கு கம்பெனியே போட்டதுதானான்னு கேள்வி வரும். எம்ஜிபி ஜிடிக்கு கம்பெனியே வி8 போட்டிருக்கறதால உங்களுக்கு பேச ஒரு பிடி இருக்கு, இருந்தாலும் அந்தப் பேப்பர் வேலைய தனியா பாத்துக்கோங்க.

கம்பெனி போட்டதுன்னு சொன்னேன்ல, அதுதான் உங்களுக்கு பெரிய தைரியம். 1973ல இருந்து 1976 வரைக்கும் 2591 வண்டி 3528 சிசி வி8ஓட வெளிய வந்துச்சு, அதுக்கு முன்னாடியே கென் காஸ்டெல்லோ தன் பட்டறையில இதே எஞ்சினை எம்ஜிபிக்குள்ள இறக்கிக்கிட்டு இருந்தார். அலுமினிய பிளாக், ஆரம்பத்துல அமெரிக்காவுல ப்யூக் செஞ்சது, ரோவர் உரிமைய வாங்கி தன்னோடதா ஆக்கிக்கிச்சு, எடை பழைய இரும்பு 1.8ஐ ஒட்டியே வரும். அந்த ஃபேக்டரி வண்டிகள்லயும் ஹீட்டர் அதே இடத்துலதான், எஞ்சினையும் கேபினையும் பிரிக்கற சுவரான ஃபயர்வால் நடுவுல இருக்கற அந்தத் தட்டு மேலதான் உட்கார்ந்திருக்கு. அதாவது இடம் இருக்கு. வேலைய எந்த வரிசையில பண்றோம்ங்கிறதுதான் விஷயம், எஞ்சின் இறங்கி மவுன்ட் எல்லாம் வெல்ட் பண்ணி முடிச்சப்புறம் ஹீட்டரை யோசிச்சா சிக்கல், ட்ரையலுக்கு எஞ்சினை இறக்கற அன்னிக்கே ஹீட்டர் பாக்ஸ் தன் இடத்துல திருகி உட்கார்ந்திருக்கணும்.

ஏன்னா பாக்ஸோட ப்ளோயர் மோட்டார் எஞ்சின் பக்கமா முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கும். ஃபேக்டரி வி8ல பானெட் இடிக்கக் கூடாதுன்னு ரெண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் எஞ்சினுக்குப் பின்னாடி கொண்டு போய் வச்சாங்க, அந்த செட்டப் உங்ககிட்ட இருந்தா மோட்டார் பக்கம் ரொம்ப நெருக்கடி. நடுவுல நாலு பேரல் கார்புரேட்டர் வைக்கற இன்டேக் மேனிஃபோல்ட்னா (எஞ்சினுக்குள்ள காத்தை பிரிச்சு விடற குழாய்த் தொகுதி) பின்னாடி மூச்சு விட இடம் கிடைக்கும். ரேஞ்ச் ரோவர்ல இருந்து எடுத்த இன்ஜெக்‌ஷன் செட்னா பானெட் உயரம்தான் பெரிய தலைவலி, அதோட த்ராட்டில் பாடிய சூடா வைக்க ரெண்டு சின்ன கூலன்ட் ஹோஸ் கூடுதலா ஓடும், அதை எங்க கொண்டு போறோம்னும் அன்னிக்கே பாத்துடணும். இடைவெளி பாக்க மோட்டார் முனையில ஒரு உருண்டை களிமண்ண அப்பிட்டு எஞ்சினை இறக்கிப் பாருங்க, எவ்வளவு நசுங்குதுன்னு பாத்தா மிச்சம் என்ன இருக்குன்னு கையில தெரிஞ்சுடும். வி8 ஆக்சிலரேட்டர் மிதிச்சா சைடுல அசையும், அதனால நிக்கும்போது தொடலைங்கிறது பத்தாது, ஒரு விரல் கனமாவது காலியா இருக்கணும்.

இப்போ தண்ணி ஓட்டம். பழைய 1.8ல ஹெட்டோட பின்பக்கம் வலது ஓரத்துல வால்வு, அதுல இருந்து சூடு தண்ணி கோருக்கு, அதாவது ஹீட்டர் பாக்ஸுக்குள்ள இருக்கற சின்ன ரேடியேட்டருக்கு போகும், திரும்பி வர்றது ராக்கர் கவர் ஓரமா ஒரு இரும்பு பைப்ல முன்னாடி வந்து ரேடியேட்டர் கீழ் ஹோஸ்ல சேரும். வி8ல அந்த ரெண்டு இடமுமே கிடையாது. சூடு தண்ணிய இன்டேக் மேனிஃபோல்ட்ல இருக்கற ஹீட்டர் முனையில இருந்து எடுக்கணும், திரும்பறது வாட்டர் பம்ப்போட உறிஞ்சற பக்கத்துக்கு போகணும். இதுல ஒரு விஷயத்த நல்லா மனசுல ஏத்திக்கோங்க, ஹோஸ் எங்க மாட்டினாலும் தண்ணி ஓடிடும்னு கிடையாது, ரெண்டு முனைக்கும் நடுவுல அழுத்த வித்தியாசம் இருந்தாத்தான் ஓடும், ரெண்டு முனையும் ஒரே மட்டத்துல இருக்கற வாய்க்கால்ல தண்ணி நகராம நிக்குமே, அதேதான். ரிட்டர்னை வசதியா இருக்குன்னு மேல் ரேடியேட்டர் ஹோஸ்ல T வடிவ ஜாயின்ட் போட்டு விட்டா எஞ்சின் கொதிக்கற சூட்டுலயும் ஹீட்டர் வெதுவெதுன்னுதான் ஊதும்.

வால்வை மூடினா எஞ்சினுக்கு ஏதாவது ஆகுமான்னு ஒரு சந்தேகம் வரும், நல்ல சந்தேகம்தான். ரோவர் வி8ல தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானப்புறம் ரேடியேட்டருக்கு தண்ணிய திறந்து விடற வால்வு) மூடியிருக்கும்போது தண்ணி சுத்தறதுக்கு தனியா ஒரு பைபாஸ் ஹோஸ் இருக்கு, அது மேனிஃபோல்ட்ல இருந்து பம்ப்புக்கு வரும், அதை யாரும் அழகுக்காக அடைச்சு வைக்காத வரைக்கும் ஹீட்டர் லைனை முழுசா மூடலாம். இதையே செவ்ரலே எல்எஸ் வி8க்கு அப்படியே சொல்ல முடியாது, அதுல ஹீட்டர் லைன்ல எப்பவும் ஓட்டம் இருக்கற மாதிரிதான் வச்சிருக்காங்க, அங்க நாலு முனை இருக்கற வால்வு வாங்கணும், கோரை மூடினாலும் தண்ணி சுத்திக்கிட்டே இருக்கும். ரோவர் எஞ்சினுக்கு சாதாரண கேபிள் வால்வே போதும்.

அந்த வால்வை சூடு தண்ணி வர்ற லைன்ல, ஃபயர்வால் தட்டு மேல ஒரு சின்ன பிராக்கெட் அடிச்சு உட்கார வைங்க, ஹோஸ்ல தொங்க விடாதீங்க, கேபிள் இழுக்கும்போது ஹோஸே வளையும், வால்வு பாதிதான் திறக்கும். வாங்கறதுக்கு முன்னாடி டேஷ்போர்ட் நாபை திருப்பினா கேபிள் தள்ளுதா இழுக்குதான்னு பாத்துட்டு போங்க, நிறைய வால்வு எதிர்ப்பக்கம் வேலை செய்யும், அப்புறம் நாப்ல ஹாட்னு வச்சா மூடிக்கும். வால்வு சொட்டு சொட்டா கசியவிடாம முழுசா மூடறது வி8க்கு ரொம்ப முக்கியம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ரெண்டு பக்கமும் கால் வைக்கற இடத்தை ஒட்டிப் போறதால ஜூலை மாசத்துல உள்ள ஏற்கனவே வேகும், அதுல ஹீட்டர் கோரும் சூடா இருந்தா உட்கார முடியாது.

ஹோஸ் அளவு ஒத்துப் போகலன்னா பயப்பட வேண்டாம். எம்ஜிபி கோர் அரை இஞ்ச், மேனிஃபோல்ட் முனை அதைவிட பெருசா இருந்தா நடுவுல பித்தளை ரெட்யூசர் போடுங்க, சின்ன ஹோஸை சூடு பண்ணி இழுத்து மாட்டாதீங்க, ஆறு மாசம் கழிச்சு நடு ரோட்டுல கிழியும். நல்ல விஷயம் என்னன்னா கோர் பைப் ரெண்டும் எஞ்சின் பே பக்கமே இருக்கு, ஃபயர்வால்ல புதுசா ஓட்டை போடற வேலை இல்ல. எக்ஸாஸ்ட் பக்கமா போற நீளத்துக்கு மட்டும் வெப்பம் தாங்கற உறை போட்டு கிளிப் வச்சு பாடியோட கட்டிடுங்க.

இப்ப கோருக்கு வரேன், என்னைக் கேட்டா மொத்த வேலையிலயும் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த பாக்ஸை வெளிய எடுக்கறது எம்ஜிபி வேலைகள்லயே பேர் போன கஷ்டம், கன்சோல் கழட்டி, கண்ணாடிக்கு சூடு காத்து கொண்டு போற டீமிஸ்டர் குழாய உருவி, கேபிள் அவுத்து, தட்டோட ஒட்டிப் போன பாக்ஸை நெம்பித்தான் எடுக்கணும், எஞ்சின் வெளிய இருக்கற இப்பதான் அது சுலபம், இந்த வாய்ப்பை விட்டுடாதீங்க. நாங்க நண்பர் வண்டியில எடுத்து கோர்ல தோட்டத்துக் குழாய வச்சு எதிர்ப்பக்கமா தண்ணி அடிச்சப்போ முதல்ல ஒண்ணும் வரல, அப்புறம் காப்பிக் கசடு மாதிரி கட்டி கட்டியா துரு வந்துச்சு, அவ்வளவும் பழைய இரும்பு பிளாக்கோடது. அதை கழுவாம மாட்டியிருந்தா நேரா புது அலுமினிய எஞ்சினுக்குள்ள போயிருக்கும். தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அடிங்க. அப்புறம் ஒரு முனைய அடைச்சு, இன்னொண்ணுல சைக்கிள் பம்ப் வச்சு 15 பிஎஸ்ஐ அழுத்தம் ஏத்தி, கோரை பக்கெட் தண்ணியில முழுசா முக்கிப் பாருங்க. ஆரம்ப கால எம்ஜிபி ரேடியேட்டர் மூடியெல்லாம் 10 பிஎஸ்ஐ இல்லன்னா அதுக்கும் கீழ, இப்ப வி8க்கு பெரும்பாலும் 15 போடறாங்க, அந்த அழுத்தத்துல ஓரத்து ஈயப் பத்துல இருந்து பொடிப்பொடியா குமிழி வந்தாலும் அந்தக் கோர் வேண்டாம், புதுசு கிடைக்குது, வாங்கிடுங்க. சீட்டுக்கு முன்னாடி கால் மேல கூலன்ட் கொட்டறது சாதாரண விஷயம் இல்ல.

பாக்ஸ் உள்ள இருக்கற ஃபோம் எல்லாம் தொட்டா பொடியா உதிரும். கோரை சுத்தி, பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல, கதவு மாதிரி திறக்கற மடல்கள்ல, எல்லா இடத்துலயும் தண்ணி உறிஞ்சாத க்ளோஸ்டு-செல் ஃபோம் புதுசா ஒட்டுங்க. எம்ஜிபி ஹீட்டர் வேஸ்ட்டுன்னு சொல்றவங்க வண்டியில பாதிக் காத்து கோர் வழியாவே போறதில்ல, ஓரமா நழுவிடுது, மிச்சம் டீமிஸ்டர் குழாய் கிழிசல்ல போயிடுது. சீல் பண்ணாலே வித்தியாசம் உடனே தெரியும். 1967க்கு முந்தின வண்டின்னா பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனைதான் பாடியோட இணைஞ்சிருக்கும், அதை வி8 ஆல்டர்னேட்டருக்காக நெகட்டிவ் எர்த்தா மாத்தினப்புறம் ஃபேன் சரியான பக்கம் சுத்துதான்னு பாருங்க, காத்து சோப்ளாங்கியா வந்தா மோட்டார் ஒயரை மாத்திக் குடுத்துப் பாருங்க. அப்படியே கண்ணாடிக்கு முன்னாடி இருக்கற கிரில்ல விழுற மழைத் தண்ணிய வெளியேத்தற ரப்பர் குழாயையும் பாருங்க, அது கியர்பாக்ஸ் டனல் பக்கம் இறங்குது, பெரிய கியர்பாக்ஸ் வந்ததும் நசுங்கிப் போச்சுன்னா மழைத் தண்ணி ஹீட்டர் பாக்ஸுல தேங்கி கார்ப்பெட்டுக்கு வரும்.

ஆன்லைன்ல 12 வோல்ட் எலெக்ட்ரிக் ஹீட்டர் மலிவா வருதே, அதை வச்சுக்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. வேண்டாம். 300 வாட் ஒண்ணு ஓட்டவே 25 ஆம்பியர் வேணும், சிகரெட் லைட்டர் சாக்கெட் அதை தாங்காது, அதுல தாங்கறது 150 வாட்டைச் சுத்தித்தான், அந்தச் சூட்டுல கண்ணாடியில ஒரு ஓரம் கூட தெளியாது. தண்ணி ஓடற கோர் கிலோவாட் கணக்குல சூடு குடுக்கும், அதுவும் எஞ்சின் எப்படியும் வீணாக்கற சூடு.

எல்லாம் மாட்டினப்புறம் தண்ணி நிரப்பறதுல அவசரப்படாதீங்க. இந்த வண்டியில கோர் உயரமான இடத்துல இருக்கு, காத்து அங்கதான் போய் மாட்டிக்கும். முன்பக்கம் ஜாக்கி போட்டு தூக்கிட்டு, ஹீட்டர் ஹோஸ் ஒண்ணை அவுத்து புனல் வச்சு கோரை நேரா நிரப்புங்க, கோரோட மேல் பைப்பை ரிட்டர்னா வச்சா காத்து தானா வெளிய போகும். அலுமினிய எஞ்சின்ங்கறதால வெறும் தண்ணி கூடாது, பாதிக்குப் பாதி ஆன்டிஃப்ரீஸ். நாபை ஹாட்ல வச்சு ஸ்டார்ட் பண்ணி ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்க, முதல்ல வர்ற லைன் சூடாகணும், கொஞ்ச நேரத்துல ரிட்டர்னும் சூடாகணும், ரிட்டர்ன் மட்டும் ஜில்லுனு நின்னா உள்ள காத்து இருக்கு, ஆஃப் பண்ணி ஆறவிட்டு மறுபடி நிரப்புங்க. முதல் தடவை நல்லா சூடாகி ஆறினப்புறம் லெவல் கண்டிப்பா இறங்கும், டாப்பப் பண்ணிட்டு ஹீட்டர் கிளிப் எல்லாத்தையும் இன்னொரு சுத்து இறுக்கிடுங்க.