டெயில்ஸ் பென் டிரைவ்: எது நிற்கும், எது போகும்?

கேள்வி: 16 ஜிபி பென் டிரைவில் டெயில்ஸ் லினக்ஸ் போட்டு, பெர்சிஸ்டன்ட் ஸ்டோரேஜும் உருவாக்கிவிட்டேன். ஆனால் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் வைத்த கட்டுரை, மறுபடி கணினியைப் போட்டால் இல்லை. பென் டிரைவ் கெட்டுவிட்டதா? (வாசகி, ஈரோடு)

பதில்: பென் டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது, கட்டுரையை வைத்த இடம்தான் தப்பு. டெயில்ஸ் ஒரு லைவ் சிஸ்டம். கணினியின் ஹார்டு டிஸ்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும், நீங்கள் எழுதுவது எல்லாம் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கும், அணைத்ததும் போய்விடும். தடயம் விடக்கூடாது என்பதற்காகவே அதை அப்படி உருவாக்கியிருக்கிறார்கள்.

பெர்சிஸ்டன்ட் ஸ்டோரேஜ் என்பது பென் டிரைவில் மிச்சமுள்ள இடத்தில் பாஸ்ஃபிரேஸ் (பல வார்த்தைகள் சேர்ந்த கடவுச்சொல்) போட்டுப் பூட்டிய தனிப் பகுதி. அதை உருவாக்கிவிட்டாலே எல்லாம் தானாகச் சேமிக்கப்படும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் எதுவும் அதில் சேராது. ஹோம் ஃபோல்டருக்குள் ‘பெர்சிஸ்டன்ட்’ என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் போட்டால்தான் நிற்கும். இன்னொன்று, ஒவ்வொரு முறையும் வரவேற்புத் திரையிலேயே பாஸ்ஃபிரேஸ் அடித்து அதைத் திறந்துவிட வேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டால் அந்த ஃபோல்டரே கண்ணில் படாது, பயந்துவிடாதீர்கள், மறுபடி ஸ்டார்ட் செய்து திறந்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

வைஃபை பாஸ்வேர்டு, பிரிண்டர், தண்டர்பேர்டு மெயில், டோர் பிரவுசர் (அடையாளம் மறைத்து இணையம் பார்க்கும் பிரவுசர்) புக்மார்க், மெயிலையும் ஃபைலையும் பூட்டித் திறக்கும் ஜிபிஜி சாவிகள் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் உண்டு, டெயில்ஸ் மெனுவில் பெர்சிஸ்டன்ட் ஸ்டோரேஜைத் திறந்தால் வரிசையாகத் தெரியும். எல்லாவற்றையும் ஆன் செய்து வைக்காதீர்கள் என்பேன். சேமிக்கும் ஒவ்வொன்றும் பென் டிரைவ் வேறொருவர் கையில் சிக்கும்போது பதில் சொல்ல வேண்டிய ஒன்று. வழக்கமாக வேண்டியது என்னவோ அது மட்டும் போதும். கூடுதல் மென்பொருள் வசதியும் அப்படித்தான், அதில் சேர்த்த ஒவ்வொரு புரோகிராமும் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் புதிதாக இன்ஸ்டால் ஆகும், நிறைய சேர்த்தால் காத்திருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: தண்டர்பேர்டு சுவிட்சை ஆஃப் செய்துவிட்டேன். பழைய மெயில்கள் அழிந்திருக்கும்தானே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இல்லை. ஆஃப் செய்தால் அடுத்த முறை அந்த மெயில்கள் உங்களுக்குத் தெரியாது, ஆனால் தரவு உள்ளேயேதான் கிடக்கும். ஆஃப் செய்த பிறகு டேட்டாவை அழிப்பதற்கு ஒரு பொத்தான் வரும், அதையும் அழுத்த வேண்டும். அப்போதும் முழு நிம்மதி இல்லை, ஏனென்றால் பென் டிரைவின் ஃபிளாஷ் மெமரியில் அழித்த ஃபைல் நிஜமாகவே மறைந்ததா என்று உறுதி சொல்ல முடியாது. உண்மையிலேயே ரகசியமான விஷயம் என்றால் முழு பென் டிரைவையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அப்புறம், உள்ளே இருப்பதைத்தான் படிக்க முடியாதே தவிர, பூட்டிய பகுதி ஒன்று இருக்கிறது என்பது பென் டிரைவைச் செருகிப் பார்க்கும் யாருக்கும் தெரியும்.

கேள்வி: பாஸ்ஃபிரேஸ் மறந்துவிட்டது. ஏதாவது வழி உண்டா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் வழி இல்லை. டெயில்ஸை உருவாக்கியவர்களாலும் திறக்க முடியாது, பின்வாசல் வைக்காததால்தான் அதை நம்புகிறோம். 2023-இல் வந்த 5.13 பதிப்பிலிருந்து லக்ஸ்-2 என்ற பூட்டும் முறையும், பாஸ்ஃபிரேஸிலிருந்து சாவி உருவாக்கும் ஆர்கான்-2 என்ற முறையும் சேர்ந்திருக்கின்றன, ஒவ்வொரு யூகத்துக்கும் நிறைய மெமரி தேவைப்படுவதால் சும்மா அடித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். வார்த்தைகளில் ஓரளவாவது ஞாபகம் இருந்தால் முயன்று பாருங்கள்.

புதிதாக உருவாக்கும்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து முதல் ஏழு வார்த்தைகளை வரிசையாக வையுங்கள். கூடவே இன்னொரு பென் டிரைவ் வாங்கி, டெயில்ஸ் குளோனர் என்ற நகலெடுக்கும் கருவியில் பெர்சிஸ்டன்ட் ஸ்டோரேஜையும் சேர்த்து நகலெடுக்கும் கட்டத்தை டிக் செய்து ஒரு பிரதி எடுங்கள். அந்த பென் டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும், அதனால் காலியானதாகப் பாருங்கள். பிரதிக்குத் தனியாகப் பாஸ்ஃபிரேஸ் கேட்கும். முதல் பென் டிரைவ் இருக்கும் பையிலேயே இதையும் போட்டு வைக்காதீர்கள், பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும்.