மருத்துவரிடம் என் உணவுக்காக எப்படி வாதாடுவது?

கேள்வி: இரண்டரை ஆண்டுகளாகப் பால், முட்டை, இறைச்சி எதையும் சேர்க்காத வீகன் உணவில் இருக்கிறேன். சோர்வாக இருக்கிறதென்று போனபோது, என் உணவுமுறையைக் கேட்டதுமே மருத்துவர், "இதெல்லாம் உடம்புக்கு ஆகாது, பாலையாவது குடியுங்கள்" என்றார். ஹீமோகுளோபின் சரியாக இருப்பதைச் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. விலங்குகளை எண்ணி எடுத்த முடிவு இது. என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் முடிவை நீங்கள் கைவிட வேண்டியதில்லை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் ஹீமோகுளோபினைச் சான்றாகக் காட்டினீர்களே, அந்த ஓரிடத்தில் நியாயம் மருத்துவர் பக்கம் இருக்கிறது. தாவர உணவில் அநேகமாகக் கிடைக்காத வைட்டமின் பி12 குறைந்தால் ரத்தசோகை வரும் என்றாலும், கீரையிலும் பருப்பிலும் நிறைந்திருக்கும் ஃபோலேட் என்ற மற்றொரு பி வைட்டமின் அந்த ரத்தசோகையை மறைத்துவிடக்கூடும் என்பதால், ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஒழுங்காகத் தெரியும்போதே நரம்புகள் சேதமடைந்துகொண்டிருக்கலாம். கல்லீரலில் உள்ள பி12 இருப்பு சில ஆண்டுகள் தாங்கும். நீங்கள் இரண்டரை ஆண்டுகளைக் கடந்திருக்கிறீர்கள். பாதங்கள் மரத்துப்போவதோ, ஊசி குத்துவதுபோன்ற உணர்வோ இருந்தால் நாளைக் கடத்தாமல் சொல்லிவிடுங்கள்.

'வீகன்' என்ற சொல் இங்கிலாந்தில் பிறந்தது 1944-ல். பி12 தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1948-ல். முதல் தலைமுறை வீகன்கள் தங்களுக்கு எது குறைகிறது என்றே அறியாமல் இருந்தார்கள். உங்களுக்கு அந்த நிலை இல்லை. பி12-ஐ உண்டாக்குபவை நுண்ணுயிரிகளே, மாத்திரைக்கும் அது நுண்ணுயிரி நொதித்தலில்தான் தயாராகிறது என்பதால், அதை எடுத்துக்கொள்வது உங்கள் கொள்கைக்கு எந்த வகையிலும் முரணாகாது. (மாத்திரையின் உறை, விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஸ்பைருலினாவை நம்பாதீர்கள், அதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி பி12.

அடுத்த முறை போகும்போது மூன்று நாள் சாப்பாட்டை, சாப்பிட்டவுடன் குடித்த தேநீர் உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தேநீர் தாவர இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். சோர்வுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு, "டாக்டர், இந்த உணவில் எந்தச் சத்து குறையும் என்று நினைக்கிறீர்களோ, அதற்குரிய பரிசோதனையை எழுதிக் கொடுங்கள், குறைந்திருந்தால் நீங்கள் சொல்லும் மாத்திரையைச் சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். கொள்கையைப் பற்றிய வாக்குவாதம் அங்கேயே முடிந்து, மருத்துவம் தொடங்கிவிடும். பி12, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), வைட்டமின் டி ஆகியவற்றோடு தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் எல்லாப் பழியையும் உணவின் மேல் போட்டுவிட்டு வேறொரு நோயைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. பி12 அளவு எல்லைக்கோட்டில் வந்தால் மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனை தெளிவு தரும்.

பால் குடிக்கச் சொன்னது கால்சியத்துக்காக இருக்கலாம். பசலைக்கீரையைப் பதிலாகச் சொல்லாதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட், கால்சியத்தின் மிகச் சிறிய பங்கையே உடலில் சேரவிடுகிறது. கால்சியம் உப்பால் உறையவைத்த டோஃபுவும் கால்சியம் சேர்த்த சோயா பாலும் நல்ல பதில்கள். இதில் அலட்சியம் வேண்டாம்: பிரிட்டனில் நடந்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் 2020-ஆம் ஆண்டு முடிவில், இறைச்சி உண்போரைவிட வீகன்களுக்கு இடுப்பெலும்பு முறிவு இரண்டு மடங்குக்கும் மேல் காணப்பட்டது.

அமெரிக்காவின் ஊட்டச்சத்து மற்றும் உணவியல் அகாதெமி, நன்கு திட்டமிட்ட வீகன் உணவு ஆரோக்கியமானதே என்று 2016-ல் கூறியிருப்பதையும் நீங்கள் எடுத்துச் சொல்லலாம். 'நன்கு திட்டமிட்ட' என்ற சொற்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதன் 2025 அறிக்கை பெரியவர்களைப் பற்றியது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதில் அடங்கவில்லை என்பதால், குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் பரிசோதனை எழுத மறுத்தால், உணவியல் நிபுணர் ஒருவருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். இதைப் படித்த வேகத்தில் கடையில் பி12 வாங்கி விழுங்கிவிட வேண்டாம். பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன்பே அதைச் சாப்பிட்டால், குறைபாடு இருந்தாலும் அறிக்கையில் அது தெரியாமல் போகக்கூடும். இந்த வாரமே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.