மைனஸ் வந்தால் தவறா?

அன்புள்ள ஐயா,

சிவில் டிப்ளமோ படிக்கிறேன். 9 மீட்டர் பீம் ஒன்று. இடது முனை ஏ-யில் பின் (pin) சப்போர்ட், அதாவது நகரவிடாமல் பிடிக்கும் தாங்கி; அங்கிருந்து 6 மீட்டரில் பி என்ற ரோலர், அதாவது பக்கவாட்டில் உருளவிடும் தாங்கி. மீதி 3 மீட்டர் வெளியே நீண்டிருக்கிறது; அதன் நுனி சி-யில் 20 கிலோநியூட்டன் சுமை. பி-யில் ரியாக்‌ஷன் (தாங்கி பீமைத் திருப்பித் தள்ளும் விசை) 30 வந்தது, ஏ-யில் மைனஸ் 10. எங்கோ பிசகிவிட்டது என்று மைனஸை எடுத்துவிட்டு எழுதினேன், மார்க் போய்விட்டது. எங்கே தவறினேன்? இன்னொன்று: பீமின் மேல் ஒரு கப்புள் (எதிரெதிராகத் தள்ளிச் சுழற்றும் சமமான இரு விசைகள்) இருந்தால் அதை எந்தத் தூரத்தால் பெருக்குவது?

கே.

அன்புள்ள கே.,

கணக்கு சரி. மைனஸை எடுத்ததுதான் தவறு.

ஏ-யைச் சுற்றி மொமென்ட் (விசை × தூரம், அதாவது சுழற்றும் திறன்) எடுத்தால் பி × 6 = 20 × 9. ஆகவே பி 30. கீழே அழுத்துவது 20, மேலே தள்ளுவது 30 என்றால் மிஞ்சும் 10-ஐ யாராவது கீழ்நோக்கி இழுத்துப் பிடித்தாக வேண்டும். அதைத்தான் ஏ செய்கிறது. நீங்கள் ஏ-யில் மேல்நோக்கி அம்பு போட்டது வெறும் அனுமானம். அம்பைத் திருப்பு என்கிறது மைனஸ், அவ்வளவுதான். ஆனால் படத்தில் திருப்புவது கணக்கு முழுதும் முடிந்த பிறகே. பாதியில் திருப்பினால் குறிகள் குழம்பிவிடும்.

இதைத் தேர்வு விஷயமாக மட்டும் எண்ணாதீர்கள். ஏ முனையைச் சும்மா சுவர்மேல் வைத்திருந்தால் அது எழும்பிவிடும். முனையைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் ஆங்கர் போல்ட் தேவை என்று சொல்வதே அந்த மைனஸ்தான். பீமின் சொந்த எடை அழுத்திப் பிடிக்காதா என்று கேட்கலாம். மீட்டருக்கு 4 கிலோநியூட்டன் என்று வையுங்கள். மொத்தம் 36, நடுவில், அதாவது ஏ-யிலிருந்து 4.5 மீட்டரில். இப்போது பி 57, ஏ மைனஸ் 1. இவ்வளவு கனமான பீமிலும் நுனிச்சுமை 18-ஐத் தாண்டினால் ஏ முனை எழும்பப் பார்க்கிறது! (பரவிய எடையை இப்படி ஒரே புள்ளியில் குவிப்பது ரியாக்‌ஷனுக்கு மட்டும். பெண்டிங் மொமென்ட் (பீமை வளைக்கும் மொமென்ட்) வரையும்போது பரப்பியே வையுங்கள்.)

விடையைச் சரிபார்க்க, இதுவரை தொடாத புள்ளியைப் பிடியுங்கள். உங்கள் கணக்கில் அது சி. ஏ-யின் 10 × 9 ஒரு பக்கம் சுற்றுகிறது, பி-யின் 30 × 3 மறுபக்கம். இரண்டும் 90. மைனஸை எடுத்த விடையில் இரண்டும் ஒரே பக்கம் சுற்றும்.

கப்புளை எதனாலும் பெருக்க வேண்டாம். அது ஏற்கெனவே மொமென்ட். 6 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு சப்போர்ட்டில் கிடக்கும் பீமில் 12 கிலோநியூட்டன் மீட்டர் கப்புளை எங்கே வைத்தாலும் ரியாக்‌ஷன் 2 மேலே, 2 கீழே.