சிரிக்கவும் முடியவில்லை, இரங்கவும் முடியவில்லை

கேள்வி: ‘ஐ ஆம் ஸ்டில் ஹியர்’ ஆஸ்கார் வாங்கிய படம் என்று கேள்விப்பட்டுத் தேடிப் பார்த்தேன். தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு ஹாலிவுட் நடிகர், ராப் பாடப் போகிறேன் என்று திரிகிறார், உதவியாளர்களைத் திட்டுகிறார், அழுகிறார். டார்க் காமெடி என்று போட்டிருந்தது. எனக்கு ஓர் இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. இதற்கா ஆஸ்கார்?

பதில்: ஆஸ்கார் வாங்கியது இதே பெயரில் வந்த பிரேசில் படம். வால்டர் சாலஸ் இயக்கியது, 2025 மார்ச்சில் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான விருது பெற்றது. அதை அவசியம் பாருங்கள். நீங்கள் பார்த்தது 2010-இல் வெளியான அமெரிக்கப் படம். வாக்கின் ஃபீனிக்ஸ் நடித்தது. இயக்கியவர் கேஸி ஆஃப்லெக், அப்போது ஃபீனிக்ஸுடைய தங்கையின் கணவர்.

சிரிப்பு வராததற்கு உங்கள் ரசனையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. படம் உருவான கதையைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். ‘கிளாடியேட்டர்’ படத்தின் கொடூர மன்னனாகவும், ‘வாக் த லைன்’ படத்தில் பாடகர் ஜானி கேஷாகவும் நடித்துப் பெரிய பெயர் வாங்கியவர் ஃபீனிக்ஸ். 2008 அக்டோபரில், இனி நடிக்கப் போவதில்லை, ராப் இசைக்குப் போகிறேன் என்று அறிவித்தார். 2009 பிப்ரவரியில் டேவிட் லெட்டர்மேன் நடத்திய தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சிக்கு வந்தவர் சூயிங்கம் மென்றபடி, கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில் முனகிவிட்டு, கடைசியில் அந்தச் சூயிங்கத்தை மேஜையில் ஒட்டினார். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அதே மாதம் ஆஸ்கார் மேடையில் நகைச்சுவை நடிகர் பென் ஸ்டில்லர் தாடியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு அவரைக் கிண்டல் செய்தார். இத்தனையும் நடக்கும்போது ஆஃப்லெக்கின் கேமரா அவரைப் பின்தொடர்ந்துகொண்டே இருந்தது. படம் வெளிவந்த சில நாட்களில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழிடம் ஆஃப்லெக் உண்மையைச் சொன்னார்: எல்லாம் நடிப்பு.

கேள்வி: எல்லாம் நடிப்பு என்று தெரிந்துகொண்டு பார்த்தால் படம் பிடிக்க வாய்ப்பு உண்டா?

பதில்: நான் இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன். தெரியாமல் பார்த்தபோது மனசு கனத்தது. தெரிந்து பார்த்தபோது ஏமாற்றம்தான் மிஞ்சியது.

லெட்டர்மேன் நிகழ்ச்சி முடிந்து காரில் போகும்போது ஃபீனிக்ஸ் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, புதருக்கு நடுவில் போய், என் வாழ்க்கையை நானே கெடுத்துக்கொண்டேன் என்று அழுகிறார். அந்த இடத்தில் நாம் சிரித்தால் ஒரு மனிதனின் சிதைவைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஆகிறோம். இரங்கினால், நம்பி ஏமாந்தவர்கள் ஆகிறோம். எந்தப் பக்கம் போனாலும் பார்வையாளர்தான் தோற்கிறார். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இதை ஒரு துயரமான ஆவணப்படமாக எடுத்துக்கொண்டு, அந்த நடிகருக்காக வருந்தி எழுதினார். ஒருவேளை இது ஏமாற்று வேலை என்று தெரிய வந்தால் கடும் கோபம் வரும் என்றும் அதிலேயே சொல்லியிருந்தார். அவர் கோபத்தில் எனக்கு முழு உடன்பாடு. இரக்கப்படுகிறவனைத் தோற்கடிப்பதை நையாண்டி என்று என்னால் ஏற்க முடியாது.

2010 செப்டம்பரில் ஃபீனிக்ஸ் தாடியை எடுத்துவிட்டு மறுபடியும் லெட்டர்மேனிடம் வந்தார். பிரபலங்கள், ஊடகம், பார்வையாளர்கள் ஆகியோருக்கு இடையிலான உறவை ஆராய நினைத்தோம் என்று விளக்கினார். நல்ல நோக்கம்தான். ஆனால் படத்தில் அந்த ஆராய்ச்சி எங்கே? ஒருவர் பொது இடத்தில் நிலைகுலைந்து நடந்தால் கேமராக்கள் திரும்பும், கேலி வரும். இது எல்லோருக்கும் தெரிந்தது. அதைத் தாண்டி ஓர் அடிகூட எடுத்து வைக்காமல், போதை, கூச்சல், உதவியாளரை அவமானப்படுத்துவது, மறுபடியும் கூச்சல் என்று ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் உதவியாளர்மேல் நட்சத்திரம் பாய்வதை வேடிக்கையாகக் காட்டும் இடங்கள் எனக்குச் சகிக்கவே இல்லை. நையாண்டி என்றால் அடி மேலே இருப்பவர்கள்மீது விழ வேண்டாமா?

இதில் எனக்குக் கூடுதல் வருத்தம் ஒன்று உண்டு. 1993 அக்டோபர் 31 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ‘வைப்பர் ரூம்’ என்ற கிளப்பின் வாசலில் ஃபீனிக்ஸின் அண்ணன் ரிவர் போதை மருந்தால் சரிந்து இறந்தார். வயது 23. அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்து கெஞ்சியவர் தம்பி வாக்கின்தான். அப்போது அவருக்கு 19 வயது. அந்தப் போன் பேச்சின் ஒலிப்பதிவைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்ப ஒலிபரப்பின. ஊடகம் ஒரு நடிகனின் வேதனையை எப்படித் தின்னும் என்று சொல்ல இவரைவிடத் தகுதியானவர் யார்? கையில் இவ்வளவு உண்மை இருந்தும் ஒரு போலி வீழ்ச்சியைத் தயாரிக்க இரண்டு வருடம் செலவிட்டிருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் படத்தில் நல்ல காட்சியே கிடையாதா?

பதில்: ஒன்று உண்டு. ஃபீனிக்ஸ் தன் பாடல்களை அப்போது ராப் உலகின் பெரிய புள்ளியாக இருந்த ஷான் கோம்ஸிடம் போட்டுக் காட்டுவார். கோம்ஸ் எதுவும் சொல்லாமல் கேட்பார். அந்த மௌனமும், ஃபீனிக்ஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் நிஜமாகவே வேடிக்கை. கூடவே வலிக்கவும் செய்கிறது. அந்தக் காட்சியில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது தெளிவு. படம் முழுக்க அந்தத் தெளிவு இருந்திருந்தால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

கேள்வி: படப்பிடிப்பின்போது வழக்கு எல்லாம் வந்தது என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம். படக்குழுவில் வேலை பார்த்த இரண்டு பெண்கள், பாலியல் தொந்தரவு நடந்ததாக 2010-இல் ஆஃப்லெக் மீது வழக்குப் போட்டார்கள். அவர் மறுத்தார். வழக்குகள் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தன. 2018-இல் ஒரு பேட்டியில், படப்பிடிப்புத் தளம் தொழில்முறை ஒழுங்கில்லாமல் இருக்கத் தான் இடம் கொடுத்ததற்கு வருந்துவதாகச் சொன்னார். கேமராவுக்கு முன்னால் நடக்கும் ஒழுங்கீனம் எல்லாம் நடிப்பு என்று நமக்குச் சொல்கிறார்கள், சரி. கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு அந்த எல்லை எங்கே இருந்தது? படத்தை மறுபடி பார்க்கும்போது இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

கேள்வி: உடைந்துபோன ஹாலிவுட் நட்சத்திரத்தைப் பற்றி உருப்படியான டார்க் காமெடி ஒன்று சொல்லுங்கள்.

பதில்: தயங்காமல் சொல்வேன்: ‘சன்செட் பூலவார்ட்’, 1950, பில்லி வைல்டர். கதையைச் சொல்கிறவனே நீச்சல் குளத்தில் பிணமாக மிதக்கிறான், அங்கிருந்து ஆரம்பிக்கிறது. நார்மா டெஸ்மண்ட் என்ற பழைய மௌனப்பட நாயகி, மறுபடியும் நடிக்கப் போகிறோம் என்ற நம்பிக்கையில் பெரிய மாளிகையில் வாழ்கிறாள். தினமும் ரசிகர் கடிதங்கள் வருகின்றன. எழுதுவது அவளுடைய வேலைக்காரன் மேக்ஸ். பாரமவுன்ட் ஸ்டூடியோவிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. தன் திரைக்கதைக்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கிளம்பிப் போகிறாள். அவர்களுக்கு வேண்டியது அவளுடைய பழைய கார், ஒரு படத்துக்கு வாடகைக்கு. இதை அவளிடம் யாரும் சொல்வதில்லை. இயக்குநர் செசில் பி. டிமில், டிமிலாகவே வருகிறார், அவளைப் பரிவோடு உட்கார வைக்கிறார். மேலே நிற்கும் வயதான லைட்மேன் ஒருவர் அவளை அடையாளம் கண்டு விளக்கைத் திருப்புகிறார், துணை நடிகர்கள் ஓடி வந்து சூழ்கிறார்கள். அதற்குச் சற்று முன்னால் ஒரு மைக் அவள் தொப்பியை உரசிப் போகும், அவள் எரிச்சலோடு தள்ளிவிடுவாள். பேசும் படம் வந்துதான் அவள் வாழ்க்கை முடிந்தது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிட்டார் வைல்டர். நமக்கு அங்கே சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது.

நார்மாவாக நடித்த குளோரியா ஸ்வான்சன் உண்மையிலேயே மௌனப்பட நட்சத்திரம். மேக்ஸாக வரும் எரிக் வான் ஸ்ட்ரோஹெய்ம், அவரை ‘குயின் கெல்லி’ படத்தில் இயக்கியவர். அந்தப் படம் பாதியில் நின்றுபோனது. அதன் ஒரு துண்டைத்தான் நார்மா தன் வீட்டுத் திரையில் போட்டுப் பார்க்கிறாள். இங்கேயும் நிஜ வாழ்க்கை படத்துக்குள் வருகிறது. ஆனால் யாரையும் ஏமாற்ற வரவில்லை.

கேள்வி: ஃபீனிக்ஸ் மேல் உங்களுக்கு அப்படி என்ன கோபம்?

பதில்: அவர் மேல் கோபமே இல்லை. அடுத்த படமான ‘த மாஸ்டர்’ 2012-இல் வந்தது. போரிலிருந்து திரும்பி நிலைகொள்ளாமல் அலையும் கடற்படை வீரன் வேடம். கூன் விழுந்த முதுகும், ஒரு பக்கமாகக் கோணும் வாயும், இடுப்பில் கைவைத்து நிற்கும் அந்த நிலையும் பார்க்கிறவர்களை உலுக்கிவிடும். சிதைந்த மனிதனை இவரால் எவ்வளவு ஆழமாகக் காட்ட முடியும் என்பதற்கு அது போதும். உங்களுக்கு ஒரு மாலைப் பொழுது கிடைத்தால் அதைப் பாருங்கள்.