32 நொடியில் அறுந்துபோகும் கோடெக் அழைப்பு: என்ன செய்யலாம்?

கேள்வி: சமுதாய வானொலி நடத்துகிறோம். தேர்த் திருவிழா நேரலைக்காகத் தேரடியில் சிம் ரௌட்டருடன் ஒரு கோடெக் (ஒலியை நெட் வழியாக அனுப்பிப் பெறும் கருவி), நிலையத்தில் பிராட்பேண்டில் இன்னொன்று. எஸ்.ஐ.பி.யில் (நெட்டில் அழைப்பை இணைக்கும் முறை) இணைத்தால் அரை நிமிடத்தில் அழைப்பு அறுந்துவிடுகிறது. வி.பி.என். (நெட்டுக்குள் இரண்டு இடத்தையும் இணைக்கும் தனி வழி) வழியாகப் போட்டால் நிற்கிறது, ஆனால் சாயங்காலம் கூட்டம் சேர்ந்ததும் குரல் உடைகிறது. நெட் கம்பெனியை மாற்றினால் சரியாகுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இவை இரண்டு வேறு வேறு கோளாறுகள். முதலாவதற்கும் நெட் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

எஸ்.ஐ.பி.யில் அழைப்பது, எடுப்பது, வைப்பதற்கான செய்திகள் வழக்கமாக யு.டி.பி. 5060 போர்ட்டில் (எண்ணிட்ட வாசல் மாதிரி) போகும். குரல் ஆர்.டி.பி. பாக்கெட்டுகளாக, அதாவது சின்னச் சின்னத் துண்டுகளாக, வேறு போர்ட்டில் போகும். தேரடி கோடெக் அழைத்ததும் நிலையத்துக் கோடெக் எடுத்து ‘200 ஓகே’ அனுப்புகிறது. அது கிடைத்தது என்று தேரடியிலிருந்து ஒரு ஏ.சி.கே. வர வேண்டும். வராவிட்டால் நிலையத்துக் கோடெக் அதே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு அழைப்பை வைத்துவிடும். எவ்வளவு நேரம் பார்க்கும் என்பது எஸ்.ஐ.பி. விதியிலேயே இருக்கிறது: அரை நொடியின் 64 மடங்கு, அதாவது 32 நொடி. கடிகாரத்தை வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் அறுந்தால் காரணம் இதுதான்.

ஏ.சி.கே. ஏன் வருவதில்லை? நிலையத்துக் கோடெக் ரௌட்டருக்குப் பின்னால் 192.168.1.50 மாதிரி ஓர் உள் முகவரியில் இருக்கிறது. ‘இனி இங்கே அனுப்பு’ என்று அந்த முகவரியையே பதிலில் எழுதிவிடுகிறது. வெளியிலிருந்து அங்கே எதுவும் போய்ச் சேராது. குரலுக்கான முகவரியும் அப்படியே போனால் நிலையத்தில் தேரடியின் குரல் கேட்காது. வி.பி.என்.னில் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதால் பிரச்சினை தெரியவில்லை.

சரி, தீர்வு. நிலையத்துக்கு ஸ்டாட்டிக் ஐ.பி. (மாறாத வெளி முகவரி) வாங்கி, அதைக் கோடெக்கின் எஸ்.ஐ.பி. அமைப்பில் பப்ளிக் ஐ.பி. கேட்கும் இடத்தில் எழுதுங்கள். ரௌட்டரில் 5060-ஐயும், கோடெக்கில் வைத்திருக்கும் ஆர்.டி.பி. போர்ட்டுகளையும் அந்தக் கோடெக்குக்குத் திருப்பிவிடுங்கள். இரண்டு ரௌட்டரிலும் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.யை (எஸ்.ஐ.பி. செய்திகளிலுள்ள முகவரிகளை ரௌட்டரே திருத்தும் வசதி) அணைத்துவிடுங்கள், உதவி செய்வதாக நினைத்து முகவரிகளைக் கலைத்துவிடுவது பல நேரம் அதுதான். எப்போதும் தேரடியிலிருந்தே அழையுங்கள். சிம் ரௌட்டரின் ஐ.பி. 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால் அது பலர் பகிரும் முகவரி, வெளியிலிருந்து அதை அழைக்கவே முடியாது. தானாக மறுபடி இணையும் வசதியையும் தேரடியில் மட்டும் போடுங்கள்; இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழைத்தால் இரண்டுக்கும் ‘பிஸி’தான் வரும்.

கோடெக்கின் அமைப்புகளை மாற்றும் வெப் பக்கத்தை மட்டும் மறந்தும் வெளியே திறந்து வைக்காதீர்கள். 2016 ஏப்ரலில் அமெரிக்காவில் கொலராடோ, டெக்சாஸ் நிலையங்கள் சிலவற்றின் ஆடியோ கருவிகளுக்குள் வெளியாட்கள் புகுந்து, சம்பந்தமில்லாத ஒரு நிகழ்ச்சியை ஒலிபரப்பிவிட்டார்கள். வெப் பக்கத்தை வி.பி.என். வழியாகவே பாருங்கள், நல்ல பாஸ்வேர்டு வையுங்கள். உண்மையில், ஒரே ஒரு வெளி இடம் என்றால் அழைப்பையும் வி.பி.என்.னிலேயே ஓட்டுவது நல்ல வழிதான்.

இப்போது சாயங்காலப் பிரச்சினைக்கு வருவோம். தேரடியில் எல்லோரும் வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள், டவரின் அப்லோடு நிரம்பிவிடுகிறது. உங்களுக்குத் தேவையோ மிகக் குறைவு. ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறையில் 64 கே.பி.பி.எஸ்., 20 மில்லி நொடிக்கு ஒரு பாக்கெட் என்றால் நொடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றின் தலைப்புக்கும் (முகவரி முதலான விவரங்கள்) 40 பைட், அதற்கு 16 கே.பி.பி.எஸ். ஆக மொத்தம் 80. பேச்சுக்கு மட்டும் என்றால் இன்னும் இறக்கலாம். குரல் உடைகிறதே என்று எஃப்.இ.சி.யை (தொலைந்ததை மீட்கக் கூடுதல் தரவு அனுப்பும் வசதி) ஏற்றுகிறவர்கள் உண்டு. நிரம்பிய பாதையில் அது இன்னும் கூட்டத்தைச் சேர்க்கும், அவ்வளவுதான். கோடெக்கில் வசதி இருந்தால் வேறு வேறு கம்பெனி சிம் இரண்டைப் போட்டு, ஒரே பாக்கெட்டை இரண்டு வழியிலும் அனுப்புங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு சிம் பெரும்பாலும் ஒரே டவரில்தான் போய் நிற்கும்.

அப்புறம் ஜிட்டர் பஃபர், அதாவது சீரில்லாமல் வரும் பாக்கெட்டுகளைக் கொஞ்சம் தேக்கி ஒழுங்காக ஒலிக்கவிடும் இடைவெளி. வர்ணனை மட்டும் என்றால் நிலையத்தில் ஒரு நொடி வரை தாராளமாக வைக்கலாம், நேயருக்கு அந்தத் தாமதம் தெரியாது. ஸ்டுடியோவிலிருந்து கேள்வி கேட்டுப் பேசுவதானால் 200 மில்லி நொடி அளவில் வைத்து, தேரடிக்குத் திரும்பும் ஒலியில் அங்கே பேசுகிறவரின் குரலை மட்டும் நீக்கி அனுப்புங்கள். இல்லாவிட்டால் தன் குரலே தாமதமாகக் காதில் விழுந்து அவர் தடுமாறுவார்.